வீட்டுச் சோப்பு: அச்சில் விளையாடலாம், சோடாவில் கூடாது!

'தேங்காய் எண்ணெயில் வீட்டிலேயே சோப்பு செய்யலாமா?' என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம், சகோதரிகளே! 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தது. பிறகு வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன, எண்ணெய்க்குக் குறைவில்லை.

அரை கிலோ எண்ணெய்க்கு 75 கிராம் காஸ்டிக் சோடா, 180 கிராம் தண்ணீர். மூன்றையும் தராசில் நிறுக்க வேண்டும், கண்ணளவு உதவாது. சோடா கூடினால் தோல் புண்ணாகிவிடும். தண்ணீரில்தான் சோடாவைப் போடணும். சோடாவில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது, அலுமினியத்தை அரித்துவிடும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளை அண்டவிடாமல் கொல்லையில் செய்யுங்கள். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றிக் கிளறுங்கள். தோசை மாவு பதம் வந்ததும் ஒரு ஸ்பூன் பொடி சேருங்கள். கோடைக்கு வெட்டிவேர், மழைக்காலத்தில் வேலியோரம் மண்டும் குப்பைமேனியை நிழலில் உலர்த்திப் பொடிக்கலாம். பிளாஸ்டிக் அச்சில் ஊற்றி, மறுநாள் எடுத்து, நான்கு வாரம் காற்றாட வைத்த பிறகே தேய்க்கலாம். நவராத்திரி தாம்பூலத்துக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

கொழுக்கட்டை, லட்டு மாதிரி சோப்பு பார்க்க ஜோர்தான். ஆனால், சுண்டலோடு ஒரே பையில் கொடுத்தால் குழந்தை வாயில் போட்டுவிடுமே! யானை, கிளி, நம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போதாதா?

- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை.