ஒரு பானையும் மூன்று சமயங்களும்

குப்பத்தை அடுத்த குடுபல்லிப் பகுதி தெலுங்கும் தமிழும் கன்னடமும் கூடும் எல்லைப்புறம். இம்மூன்று மொழிகளிலும் பஞ்சதந்திரக் கதைகள் உண்டு. கன்னடத்தில் துர்க்கசிம்மன் 11ஆம் நூற்றாண்டிலும், தெலுங்கில் தூபகுண்ட நாராயண கவி 15ஆம் நூற்றாண்டிலும் அவற்றை இயற்றினர். தமிழில் தாண்டவராய முதலியாரின் உரைநடை நூல் 1826இல் வெளிவந்தது. அக்கதைகள் மேற்றிசைக்கும் சென்றன. அவை சென்ற வழியைத் தொடர்ந்து சென்றால், இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவமும் இஸ்லாமும் எவ்வாறு அண்டை அயலாக வாழ்ந்தன என்பது நமக்கு விளங்கும்.

மாவுப் பானையின் கீழ்ப் படுத்திருந்த அந்தணனை நாம் அறிவோம். மாவை விற்று ஆடு வாங்கி, மாடு வாங்கி, மணம் புரிந்து மகனும் பெற்றதாகக் கனாக் கண்டு, காலை உதறிப் பானையை உடைத்தவன் அவன். பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரூவின் மருத்துவர் புர்சோயி, 6ஆம் நூற்றாண்டில் இக்கதைகளைப் பஹ்லவி மொழியில் பெயர்த்தார். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அவற்றை அரபியில் 'கலீலா வ திம்னா' என ஆக்கினார். அதில் அந்தணன் துறவியானான்; மாவு, நெய்யும் தேனும் ஆயிற்று.

இனி ஸ்பெயினுக்குச் செல்வோம். முஸ்லிம் ஆட்சியிலிருந்த தொலேதோ நகரைக் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோ 1085இல் கைப்பற்றினார். ஆட்சி மாறியதே அன்றி நகரின் வழக்குகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அரபு பேசும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் அங்கே இருந்தனர். அரபு ஏடுகளும் இருந்தன. யூத அறிஞர் ஒருவர் இப்னு சினாவின் நூலைச் சொல் சொல்லாகப் பேச்சுமொழியில் கூற, கிறிஸ்தவக் குரு அதனை இலத்தீனில் எழுதினார். இத்தாலியிலிருந்து வந்த கிரெமோனா ஜெரார்டு எழுபதுக்கு மேற்பட்ட நூல்களைப் பெயர்த்து 1187இல் மறைந்தார். சலாஹுத்தீன் எருசலேமைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். சிலுவைப் போர்கள் நிகழ்ந்த காலத்திலேயே இப்பணியும் நடைபெற்றது என்பது நோக்கத்தக்கது.

இளவரசர் அல்போன்சோவின் ஆதரவில் 1251இல் கலீலா நூல் ஸ்பானிய மொழிக்கு வந்தது. யூதராயிருந்து கிறிஸ்தவரான காப்புவா யோவான், அதன் எபிரேய வடிவத்தை அந்நூற்றாண்டிலேயே இலத்தீனில் பெயர்த்தார். இதனால் ஐரோப்பாவின் கற்றோர் அனைவருக்கும் அக்கதைகள் எட்டின.

இதனைக் கொண்டு அக்காலம் முழுவதும் அன்பு நிலவிற்று என்று கூறுதல் பொருந்தாது. எவர் ஆண்டாலும் மாற்றுச் சமயத்தார் தாழ்ந்த நிலையினராகவே வைக்கப்பட்டனர். 1492இல் கிரனாடாவும் கிறிஸ்தவர் வசமாயிற்று. அவ்வாண்டே யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டனர். சில ஆண்டுகளில் கிரனாடாவில் அரபு ஏடுகள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்களை மட்டும் விலக்கி வைத்தனர். உடல்நோய்க்கு அயலார் அறிவு வேண்டும், உள்ளத்திற்கு வேண்டா என்று கருதினர் போலும்.

ஆயினும் தீ காலம் கடந்தே வந்தது. காப்புவா யோவானின் நூல் ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, சரகோசா நகரில் 1493இலேயே அச்சேறியிருந்தது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1678இல் தம் கதைகள் பலவற்றுக்கு இந்திய அறிஞர் பில்பாய்க்குக் கடன்பட்டதாக எழுதினார். அந்தத் தொகுதியில் துறவி இல்லை. தலையில் பாற்குடம் சுமந்து, கோழியும் பன்றியும் பசுவும் கனாக் கண்டு துள்ளும் பால்காரி இருக்கிறாள். குடம் விழுகிறது, பால் கொட்டுகிறது. எம்மொழியில் கேட்டாலும், எச்சமயத்தார் கேட்டாலும், தம்மையே அக்கனாவில் கண்டு சிரிக்கின்றனர்.