மனசு வலிக்கு மாத்திரை உண்டா?

அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருமுறை பூங்காவில் இருந்தபோது, ஒரு ஃபிரிஸ்பீ தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். ஆடிக்கொண்டிருந்த இருவரும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் தங்களுக்குள் மட்டும் ஆடத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் சுருக்கென்றது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சைபர்பால்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டம்.

திரையில் நம்மையும் சேர்த்து மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவார்கள். சற்று நேரத்தில் நமக்கு மட்டும் பந்து வராது. அவ்வளவுதான். 2003-இல் நயோமி ஐசன்பெர்கர் குழுவினர் 13 பேரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து இதை ஆடச் செய்தார்கள். பந்து வராதபோது மூளையின் முன்சிங்குலேட் புறணி விழித்துக்கொண்டது. அடிபட்டால் வேதனைப்படுகிற இடமும் அதுதான். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை: 'எதிரே ஆடுவது வெறும் கம்ப்யூட்டர்' என்று சொல்லிவிட்டு ஆடவைத்தபோதும் மனம் வாடத்தான் செய்தது.

2010-இல் ஓர் ஆய்வில், மூன்று வாரம் தினமும் பாரசிட்டமால் விழுங்கியவர்களுக்கு மனம் நோவது குறைந்தது. மருந்துக்கடைக்கு ஓடிவிடாதீர்கள், அளவு மீறினால் கல்லீரல் தாங்காது. தவிர, புறக்கணிப்பும் உடல்வலியும் மூளையில் வெவ்வேறு விதமாகவே பதிகின்றன என்று 2014-இல் வேறொரு குழு காட்டியது. தெரு ஒன்றுதான், வீடு வேறு.

உறவுகள் குறைந்தால் உடலும் வாடும் என்பதற்கு, ஸ்கேன் படங்களைவிட நான் அதிகம் நம்புவது ஒரு சளி ஆய்வை. 1997-இல் ஷெல்டன் கோஹன் வெளியிட்டது. ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுவிட்டு, தனியே தங்கவைத்தார்கள். மூக்குச் சிந்திய காகிதங்களைக்கூட விடாமல் எடைபோட்டார்கள்! ஒன்று முதல் மூன்று வகை உறவுகள் மட்டுமே உள்ளவர்களுக்கு, ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சளி பிடிக்கும் அபாயம் இருந்தது. புகை, தூக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

கவனியுங்கள், எண்ணியது வகைகளை. நண்பர்கள் ஐம்பது பேர் இருந்தாலும் அது ஒரே வகை. அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்பவர்கள், கோயில் குளம் என்று கூடுகிறவர்கள் தனித்தனி வகை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசினால் போதும், போனில் பேசினாலும் சேர்த்தி. அந்தப் பட்டியலில் மாமனார் மாமியாருக்கும் ஓர் இடம் உண்டு.