வளர்ப்புக் குடும்பத்தில் ஒரு குழந்தையின் மனம்

“இவ்வளவு செய்தும் அவள் எங்களை நம்பவில்லை, டாக்டர்.” ஏழு வயதுச் சிறுமியை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்றிருந்த தாய் ஒருவர் இவ்வாறு கூறி வருந்தினார். வயிறார உண்ட பின்னரும் அச்சிறுமி பிஸ்கட்டுகளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தாள். கண்டித்தபோது, இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். அவளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று குடும்பத்தினர் யோசித்தனர்.

இது திருட்டு அன்று, நன்றியின்மையும் அன்று. பசியையும் பிரிவையும் அறிந்த குழந்தைக்கு, அடுத்த வேளை உணவு நிச்சயம் என்ற நம்பிக்கை பிறக்கப் பல மாதங்கள் ஆகலாம்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடைபெற்ற நெடுங்கால ஆய்வில், காப்பகங்களில் வாழ்ந்த 136 இளங்குழந்தைகளுள் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களிடம் பாசப்பிணைப்பு வலுப்பெற்றது. ஒரே குடும்பத்தில் நிலைத்திருந்தவர்களின் மனநலம் 12 வயதிலும் மேம்பட்டிருந்தது. எனவே குழந்தையை இடம் மாற்றுவது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும்.

வீட்டில் பின்பற்ற வேண்டியவை:

• உணவு, உறக்கம், பள்ளி ஆகியவற்றுக்கு மாறாத நேர ஒழுங்கை அமையுங்கள். மாற்றம் ஏதேனும் இருப்பின் முன்கூட்டியே கூறுங்கள்.

• “திருப்பி அனுப்பிவிடுவேன்” என்று விளையாட்டாகவும் சொல்லாதீர்கள்.

• பெற்ற தாய் தந்தையரை இகழாதீர்கள். குழந்தையால் இரு குடும்பங்களையும் நேசிக்க இயலும். பழைய புகைப்படங்களைப் பாதுகாத்துக் கொடுங்கள்.

• படுக்கையை நனைத்தால் கண்டிக்காமல் விரிப்பை மாற்றுங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அச்சிறுமியின் கட்டிலருகே, அவளுக்கே உரிய தின்பண்ட டப்பா ஒன்றை வைக்குமாறு அறிவுறுத்தினோம். சில மாதங்களில், டப்பாவில் பண்டம் மீதமிருப்பதாக அத்தாய் தெரிவித்தார். சிறுமி அவ்வீட்டிலேயே வளர்கிறாள்.

குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, உணவை மறுத்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமற்றவை.

வளர்ப்போரின் மனமும் பேணப்பட வேண்டியதே. வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு அன்று. குழந்தை பிறந்த குடும்பத்துக்கே திரும்பக்கூடும். அப்பிரிவில் எழும் துயரம் இயல்பானது. அதை மறைக்காமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளரிடமோ உங்கள் மருத்துவரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.