ஆங்கில நாவலும் நம் வாசகரும்: ஆமிதீயின் துலாக்கோல்

ஆங்கிலத்தில் எழுதும் இந்திய நாவலாசிரியர்களைக் குறித்து விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் படித்த நம்மவரிடையே இருவேறு கருத்துகள் நிலவக் காண்கிறோம். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் வளர்த்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆங்கிலவழியில் பயில்கின்றனர். அவர்களுக்கு நாவல் என்றாலே ஆங்கில நாவல்தான். அவர்தம் தந்தையரோ, ஆங்கிலத்தில் எழுதுவோர் யாவரும் நம்மை அந்நியருக்கு விளக்கிக்காட்டும் துபாஷிகளே என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் மறுதரப்பின் நூலைத் தொடுவதில்லை என்பதே நம் கவலை.

இவ்வழக்கு நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டான 1997-இல், இந்திய உரைநடைத் தொகுப்பு ஒன்றை எலிசபெத் வெஸ்ட்டுடன் இணைந்து பதிப்பித்த சல்மான் ருஷ்தி, அரசு ஏற்ற இந்திய மொழிகளில் இக்காலத்தே வந்தவற்றில் பெரும்பாலானவற்றைவிட ஆங்கிலத்தில் இந்தியர் எழுதிய உரைநடையே வலிமை மிக்கது என்று அறிவித்தார். அத்தொகுப்பில் இடம்பெற்ற மொழிபெயர்ப்பு ஒன்றே ஒன்று: சாதத் ஹசன் மண்ட்டோவின் உருதுக் கதையான 'டோபா டேக் சிங்'. தமிழிலிருந்து ஏதுமில்லை. பிறமொழி எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். ஆங்கில நாவலாசிரியரான அமித் சௌத்ரியே 2001-இல் வேறொரு தொகுப்பை வெளியிட்டு, அதில் பல மொழிகளின் ஆக்கங்களுக்கு இடமளித்தார்.

நம்மவரில் பலர் ருஷ்தியின் கூற்றை மறுப்பது, அதைச் சொன்னவர் ருஷ்தி என்பதனாலேயே. 1988-இல் வெளிவந்த அவருடைய நாவல் நம் உள்ளங்களில் ஏற்படுத்திய புண் வேறு. இந்த வாதம் வேறு. சொன்னவரைக் கொண்டு சொல்லை மறுப்பது மத்ரஸாவில் முதலாண்டு மாணவனுக்கும் அழகன்று. நல்ல எழுத்தாளர் சிலர் மொழிபெயர்ப்பின் குறையால் விடுபட்டிருக்கலாம் என்பதை அவரும் ஒப்புக்கொண்டே எழுதினார். ஆயின், அப்படி ஒப்புக்கொண்ட பின்னும் தீர்ப்பை நிறுத்தி வைக்கவில்லை. படிக்காத நூல்களின்மீது வழங்கப்பட்ட தீர்ப்பு அது. பிழை அங்கேதான் இருக்கிறது.

இத்தகைய வழக்கைத் தீர்க்க அரபு இலக்கியத் திறனாய்வில் ஒரு பழைய வழி உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஹசன் இப்னு பிஷ்ர் அல்-ஆமிதீ 'அல்-முவாஸனா' என்னும் நூலை யாத்தார். அபூதம்மாம், புஹ்துரீ ஆகிய இரு கவிஞர்களைக் குறித்து அன்றைய வாசகர் இரு கட்சியாகப் பிரிந்திருந்தனர். புதுமையான உருவகங்களையும் ஆழ்ந்த பொருளையும் விரும்பினோர் அபூதம்மாமின் பக்கம். தெளிவையும் ஓசை நயத்தையும் விரும்பினோர் புஹ்துரீயின் பக்கம். ஆமிதீ முதலில் இரு தரப்பு வாதங்களையும் எடுத்துரைத்தார். இருவருள் பெரியவர் யார் என்று முடிவு கூற மறுத்தார். ஒரே பொருளில் இருவரும் பாடியவற்றை அருகருகே வைத்து, இந்த இடத்தில் இவர் மேல், அந்த இடத்தில் அவர் மேல் என்று மட்டுமே கூற முன்வந்தார். (அவருடைய மனம் புஹ்துரீயின் பக்கம் சாய்ந்ததைப் பிற்காலத்தார் கண்டுபிடித்தனர் என்பது வேறு செய்தி.)

அவ்வழியே நாமும் இரு நூல்களை வைத்துப் பார்ப்போம். 1997-இல் அருந்ததி ராய் தம் முதல் நாவலுக்காக புக்கர் பரிசு பெற்றார். அதே ஆண்டில் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மீரானின் முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலானது. ராயின் களம் கேரளத்து அய்மனம். மீரானின் களம் முன்னாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த தேங்காய்ப்பட்டணம். இரண்டிலும் குடும்பப் பெருமை ஒன்று சரிகிறது. ஊரின் கட்டுப்பாடு எளியோரை நசுக்குகிறது.

குழந்தைகளின் மனத்துள் புகுந்து உலகைக் காட்டுவதில் ராயே மேல் என்போம். ஓர் ஊர் முழுவதையும், அதன் முதலாளி முதல் மீனவர் வரை, ஒரே மூச்சில் நிறுத்துவதில் மீரான் மேல். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்க்கும் முதலாளியை மீரான் ஏளனம் செய்யாமலே வீழ்த்துகிறார். துபாஷி என்ற குற்றச்சாட்டும் ராயிடம் நிற்காது. மலையாளச் சொற்கள் பலவற்றை அவர் விளக்காமலே விட்டுச்செல்கிறார். மீரானின் நடைக்கோ நம் விருதுநகர் வாசகருக்கே அகராதி வேண்டும்!

பூமணியின் 'அஞ்ஞாடி' 2012-இல் வந்தது. 2014-ஆம் ஆண்டின் அகாதெமி விருதைப் பெற்றது. 1899-ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரத்தை உள்ளடக்கிய, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நாவல். சிவகாசியிலேயே பிறந்து, 1947-இன் நள்ளிரவை ருஷ்தியின் நாவல் வழியே அறிந்த மாணவன், தன் தெருவின் 1899-ஐ அறியாதிருப்பது நமக்கு உறுத்துகிறது.

மீரானின் கடலோர கிராமம் எம். வத்சலாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் உள்ளது. ராயின் நாவல் ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தில் 'சின்ன விஷயங்களின் கடவுள்' என வந்துள்ளது. முன்னதை மகனும் பின்னதைத் தந்தையும் படித்து முடித்த பின், வழக்கை மீண்டும் தொடங்கலாம்.