வீடு தேடி வரும் களப்பணியாளர்

“மருத்துவரை எதிர்பார்த்தோம்; இவர் வந்திருக்கிறாரே” எனச் சில குடும்பத்தினர் எங்களிடம் வருந்துவதுண்டு. மனநலக் களப்பணியாளர் மருத்துவர் அல்லர். மருந்தின் அளவை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. ஆயினும் வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் சில நிமிடங்களே காண்பவரை, அவர் வீட்டில் உடனிருந்து காண்கிறார். உறக்கம் குறைந்துள்ளதா, குளிக்க மறுக்கிறாரா, மாத்திரைகள் தலையணைக்கடியில் சேர்கின்றனவா என்பன அவர் கண்ணிலேயே முதலில் படுகின்றன. அவருடைய குறிப்புகளை மருத்துவர், செவிலியர், உளவியலாளர் அனைவரும் ஒருங்கிருந்து படிக்கிறோம்.

தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுற்ற 282 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2014-இல் வெளியாயிற்று. மருத்துவமனைச் சிகிச்சையோடு களப்பணியாளரின் உதவியும் பெற்றவர்களுக்கு நோயின் தாக்கம் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. பெருமாற்றமன்று, ஆனால் அந்தச் ‘சற்று’ ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நீங்களே அறிவீர்கள்.

மாத்திரையை நிறுத்தியிருந்தால் அவரிடம் மறைக்க வேண்டா. கைநடுக்கமோ உடல் எடை கூடுதலோ காரணமெனத் தெரிந்தால், மருத்துவர் மருந்தை மாற்றித் தர இயலும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தாலோ, அவர் வருகைக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். டெலி-மானஸ் 14416 எண்ணில் நள்ளிரவிலும் பேசலாம்.