அமெரிக்க சுதந்திரப் போரும் மட்டக்களப்புக் கடலும்

மட்டக்களப்பு நகரிலே, புளியந்தீவின் ஓரத்தில், வாவியின் நீர் மதிலடிவரை வந்து அலம்பி நிற்க, பழைய கோட்டையொன்று இருக்கின்றது. போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1638 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நெடுங்காலம் அரசாங்கக் கச்சேரி அதனுள்ளேயே நடைபெற்றமையால், காணி அலுவலாகவும் வரி அலுவலாகவும் எழுவான்கரையாரும் படுவான்கரையாரும் ஏறியிறங்கிய இடம் அது. அந்தக் கோட்டைக்கும், உலகின் மறுபுறத்தில் அமெரிக்கர் தம்மைச் சுதந்திர மக்களாகப் பிரகடனம் செய்த நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் நேயர்களிற் பலர் வியப்படையக்கூடும். ஆயினும் உண்டு. அமெரிக்க சுதந்திரப் போரின் ஒரு பகுதி நமது கீழைக் கடலிலேதான் நடைபெற்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அந்தச் சுதந்திரம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சிறிது நோக்குவோம்.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற்குக் கரையோரமாக ஆங்கிலேயருக்குப் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் இருந்தன. தம் பிரதிநிதிகள் இல்லாத பாராளுமன்றம் தம்மீது வரி விதிப்பதை அக்குடியேற்ற நாட்டார் எதிர்த்தனர். 1775 இல் போர் மூண்டது. 1776 ஆம் ஆண்டு யூலை மாதம் 4 ஆம் திகதி, மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்னும் கொள்கையை முன்வைத்து அவர்கள் சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டனர். அதனை எழுதியவர் தோமஸ் ஜெபர்சன். படைத் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன்.

தொடக்கத்தில் இது ஓர் அரசனுக்கும் அவனுடைய குடிகளுக்கும் இடையிலான வழக்காகவே இருந்தது. 1777 இல் சரட்டோகா என்னுமிடத்தில் ஓர் ஆங்கிலப் படை சரணடைந்த பின்னரே நிலைமை மாறிற்று. ஆங்கிலேயரிடம் முன்னர் தோற்றுக் கனடாவையும் இந்தியாவிற் பெற்றிருந்த செல்வாக்கையும் இழந்திருந்த பிரான்சு, 1778 இல் அமெரிக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. பிரெஞ்சு அரசனுக்குக் குடியாட்சியில் நாட்டம் இருந்ததனால் அன்று. பகைவனின் பகைவன் நண்பன் என்னும் கணக்கே அது.

அடுத்து அகப்பட்டவர் ஒல்லாந்தர். மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களுக்குச் சென் யூஸ்டேசியஸ் என்றொரு சிறு தீவு இருந்தது. அங்கிருந்து வெடிமருந்தும் துப்பாக்கியும் அமெரிக்கருக்குப் போய்க்கொண்டிருந்தன. வணிகர்களுக்கு அதில் நல்ல ஆதாயம். சினங்கொண்ட ஆங்கிலேயர் 1780 டிசம்பரில் ஒல்லாந்தர்மீது போர் தொடுத்தனர். ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் போர் என்றால் அது ஐரோப்பாவோடு நிற்குமா? அக்காலத்தில் நாகபட்டினம் ஒல்லாந்தருடையது. இலங்கையின் கரையோரமும் ஒல்லாந்தருடையது. 1781 நவம்பரில் நாகபட்டினம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. 1782 ஜனவரியில் திருகோணமலையும் வீழ்ந்தது. மேற்கிந்தியத் தீவொன்றில் நடந்த வெடிமருந்து வியாபாரத்தின் பலன் கொட்டியாரக் குடாவில் வந்து விடிந்தது.

திருகோணமலைக்கு ஏன் அத்துணை மதிப்பு? வாடைக்காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையிற் பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பது உயிருக்கே ஆபத்து. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அந்நாளில் இயற்கைத் துறைமுகம் இல்லை. ஒரு கடற்படை முழுவதும் உள்ளே நுழைந்து, புயலுக்கும் பகைவருக்கும் ஒதுங்கி நிற்கத்தக்க துறை இப்பக்கத்தில் திருகோணமலை ஒன்றே. அதனை வைத்திருப்பவன் வங்காள விரிகுடாவின் திறவுகோலை வைத்திருப்பவன் எனக் கருதப்பட்டான்.

இந்நிலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரென் என்பவர் மொரீசியஸ் தீவிலிருந்து தம் கப்பல்களோடு வந்து சேர்ந்தார். ஆங்கிலக் கடற்படைக்குத் தலைவர் எட்வேட் ஹியூஸ். இருவரும் 1782 பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் முதன்முறை மோதினர். இரண்டாம் மோதல் நமது கரையோரமாகவே நிகழ்ந்தது. திருகோணமலைக்குத் தெற்கே, புரொவிடியன் என்று ஐரோப்பியர் தம் கடற்படங்களிற் குறித்த ஒரு பாறைத் தீவின் அருகில், 1782 ஏப்ரல் 12 ஆம் திகதி, பன்னிரண்டு பிரெஞ்சுக் கப்பல்களும் பதினோர் ஆங்கிலக் கப்பல்களும் பீரங்கிப் போர் புரிந்தன. இருபக்கத்திலும் இருநூற்றைம்பதின்மருக்கு மேல் மாண்டனர். காயமுற்றோர் அதனினும் பன்மடங்கு. ஆங்கிலரின் மொன்மத் என்னும் கப்பல் இரு பாய்மரங்களை இழந்து தத்தளித்தது. வெற்றி எவருக்கும் இல்லை. மாலையிற் புயல் வந்து இருவரையும் பிரித்தது. பின்னர் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் நங்கூரமிட்டு, பகைவனைத் தாக்க இருவருக்கும் வலுவின்றி, நாட்கணக்கிற் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தனர்.

அதன்பின் ஹியூஸ் திருகோணமலைக்குட் சென்றார். சுப்ரென் எங்கே போவார்? மொரீசியசுக்குத் திரும்புமாறே அவருக்குக் கட்டளை வந்திருந்தது. அவர் அதற்கு இணங்கவில்லை. திரும்பினால் இந்தியக் கடல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விடும் என்று துணிந்து, ஒல்லாந்தர் வசமிருந்த மட்டக்களப்புக்கு வந்தார். 1782 ஏப்ரல் முடிவிலிருந்து ஜூன் தொடக்கம்வரை, ஒரு மாதத்துக்கு மேலாக, பிரெஞ்சுக் கடற்படை இங்கே தங்கிற்று.

மட்டக்களப்புத் துறை பெருங்கப்பலுக்கு ஏற்றதன்று என்பதை அவ்வூரார் நன்கறிவர். வாவி முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடந்தாலும், கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணற்றிட்டு மறிக்கின்றது. ஆழம் குறைவு. ஆகவே போர்க்கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, தோணிகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே போய்வர வேண்டும். எனினும் அம்மாதங்களில் இங்கே கடல் அமைதியாயிருக்கும். நன்னீர் உண்டு, படுவான்கரை நெல் உண்டு, கால்நடை உண்டு, வாவி மீன் உண்டு. பல மாதம் உப்பிட்ட இறைச்சியும் புழுத்த ரொட்டியும் உண்டு, ஈறு வீங்கிப் பல் உதிரும் நோயால் வாடிய மாலுமிகளுக்கு இவை மருந்துக்குச் சமம். நோயாளிகளைக் கரையிறக்கினார் சுப்ரென். மரங்களைச் செப்பனிட்டார். மறுபடி ஆகஸ்டு மாதத்திலும் இங்கேயே வந்து நின்றார். புதிய கப்பல்களும் படைவீரரும் ஐரோப்பாவிலிருந்து வந்து அவரோடு சேர்ந்ததும் மட்டக்களப்பிலேதான். அந்த வலிமையோடு இங்கிருந்து புறப்பட்டு, ஆகஸ்டு 31 ஆம் திகதிக்குள் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார்.

அதே ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவிலும் ஒரு சுவையான நிகழ்ச்சி நடந்தது. டெலவெயர் விரிகுடாவில் ஓர் அமெரிக்கக் கப்பல் தன்னினும் வலிய ஆங்கிலக் கப்பலொன்றைப் பிடித்தது. நாள் ஏப்ரல் 8. புரொவிடியன் போருக்கு நான்கு நாள் முன்னர். அந்த அமெரிக்கக் கப்பலின் பெயர் யாது? ஹைதர் அலி! ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மைசூர் மன்னனின் பெயரை அமெரிக்கர் தம் கப்பலுக்குச் சூட்டியிருந்தனர். அக்காலத்தவர்க்கே அது ஒரே போராகத் தோன்றிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

போர் முடிந்த விதமும் அறியத்தக்கது. அமெரிக்க மண்ணிற் பெரும்போர் 1781 அக்டோபரில், யோர்க்டவுனில், ஏறக்குறைய ஓய்ந்தது. பிரான்சும் பிரித்தானியாவும் 1783 ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்திற் கையெழுத்திட்டன. அச்செய்தி கப்பலேறி இந்தியா வந்து சேருமுன், ஐந்து மாதம் கழித்து, ஜூன் 20 ஆம் திகதி கூடலூருக்கு அப்பால் சுப்ரெனும் ஹியூசும் ஐந்தாவது முறையாக மோதினர். அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிச் சமர் இதுவே என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அங்கே மாண்டவர்கள் முடிந்துபோன போரில் மாண்டவர்கள். சமாதானத்தின்படி திருகோணமலை ஒல்லாந்தரிடம் மீண்டது. நாகபட்டினம் ஆங்கிலேயரிடமே நின்றது. அமெரிக்கர் விடுதலை பெற்றனர். வாவிக்கரையில் வயலுழுதவனும் வலை வீசியவனும், முன்போலவே, ஒல்லாந்தக் கொம்பனியின் ஆட்சிக்குட்பட்ட குடிகளாகவே இருந்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் கேட்கப்படாதவர்கள் இருந்தனர். சமத்துவப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனே நூற்றுக்கணக்கான அடிமைகளை உடையவராயிருந்தார். வாஷிங்டனும் அடிமைகளை வைத்திருந்தார். 1787 இல் வகுக்கப்பட்ட அரசியல் யாப்பு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுமாறு விதித்தது. வாக்களிக்க உரிமையில்லாத அவ்வடிமைகளின் தொகையால் அவர்களுடைய எசமானருக்கே அரசியல் வலு கூடிற்று. 1790 இல் அந்நாட்டில் ஏழு இலட்சம் அளவில் இருந்த அடிமைகள், 1860 இல் நாற்பது இலட்சம் அளவினராயினர். 1793 இல் பருத்தியிலிருந்து விதையை எளிதாகப் பிரிக்கும் பொறி தோன்றியதும், தெற்கு மாநிலங்களிற் பருத்திச் செய்கை பெருகியதும் இதற்குப் பெருங்காரணம்.

இதனோடு நிலம் விரியும் கதையும் பின்னிக்கொண்டது. நம்மூர் வழக்கிற் சொல்வதானால், எழுவான்கரையிற் குடியிருந்தவர் படுவான் திசை நோக்கி நகர்ந்தனர். 1803 இல் லூசியானா என்னும் பெரும்பிரதேசத்தை நெப்போலியன் ஒன்றரைக் கோடி டொலருக்கு விற்றான். ஹெயிட்டித் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுப் படையை முறியடித்தமை அவன் மனம் மாறியதற்கு ஒரு முக்கிய காரணம். படுவான் திசை வெற்று நிலம் அன்று. அங்கே ஆதிக்குடிகள் வாழ்ந்தனர். 1830 இல் இயற்றிய ஒரு சட்டத்தினால் அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றப்பட்டனர். 1838 இல் செரோக்கி மக்கள் நடந்த வழியிற் பல்லாயிரவர் மாண்டனர்.

புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு மாநிலத்திலும் அடிமை முறை இருக்கலாமா, கூடாதா? இதுவே அரை நூற்றாண்டு காலம் அமெரிக்காவை அரித்த வினா. 1820 இல் மிசூரி இணக்கம் என்னும் ஏற்பாட்டினால், படத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்கு வடக்கே அடிமை முறை பரவலாகாது என்றனர். 1846 முதல் 1848 வரை மெக்சிக்கோவோடு போர் செய்து மேலும் நிலம் பெற்றபோது வழக்கு மீண்டும் வெடித்தது. 1850 இல் மற்றோர் இணக்கம். 1854 இல் அந்தப் பழைய கோடும் அழிக்கப்பட்டது. 1857 இல், ஆபிரிக்க வழியினர் அமெரிக்கப் பிரசைகளாக முடியாது என உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1860 இல் ஆபிரகாம் லிங்கன் தெரிவானார். தெற்கு மாநிலங்கள் பிரிந்தன. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தபின், 1865 டிசம்பரில், அரசியல் யாப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. பிரகடனத்துக்கும் அதற்கும் இடையே எண்பத்தொன்பது ஆண்டுகள்!

அமெரிக்கரை நோக்கி விரல் நீட்டுவது எளிது. நம் நாட்டிலோ? ஒல்லாந்தக் கொம்பனி இலங்கையில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. கொழும்பிலே நாம் கொம்பனித்தெரு என்னும் பகுதிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் அடிமைத் தீவு என்பதே. அந்நியர்மேல் மட்டும் பழி போட்டுவிடவும் இயலாது. 1707 இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் தனியாக உண்டு. மட்டக்களப்பின் பழைய குடிமை வழக்கில், ஊழியஞ் செய்த குடிகளைச் சிறைகள் என்றே குறித்தனர். அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில், 1816 இல், பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், அவ்வாண்டு ஆகஸ்டு 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என உடைமையாளர் பலர் இசைந்தனர். 1833 இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம் இலங்கைக்கு விலக்கு அளித்தது. 1844 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே இங்கு அடிமை முறையை முற்றாக நீக்கிற்று. அமெரிக்காவுக்கு இருபத்தொரு ஆண்டு முன்னதாக, போரின்றி, எழுத்தளவில் அது முடிந்தது. எழுத்தளவில் என்று நான் சொல்வதன் காரணம் நேயர்களுக்குத் தெரியும். சட்டம் விடுவித்தவனுக்குக் காணி கிடைக்கவில்லை. கோயில் வாசல் திறக்கவில்லை. கிணற்றில் நீரள்ள உரிமை வரவில்லை. அமெரிக்காவிலும் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள், வாக்குரிமை உறுதிப்பட 1965 வரை, மேலும் நூறாண்டு போராட வேண்டியிருந்தது.

1782 இல் வாவி முகத்துவாரத்தில் நின்று, தூரத்தே நங்கூரமிட்ட பிரெஞ்சுக் கப்பல்களின் பாய்மரங்களைக் கண்ட ஒருவனுக்கு, அவை ஒரு தேசத்தின் விடுதலைக்காக வந்தவை என்று சொல்லியிருந்தால், யாருடைய விடுதலை என்று அவன் கேட்டிருக்கக்கூடும். அக்கேள்வி பழையதாகிவிடவில்லை. சுதந்திரம் என்னும் சொல் எங்கே முழங்கினாலும், அந்த முழக்கத்தில் எண்ணப்படாமல் விடப்பட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். அவரையும் சேர்த்து எண்ணும்போதே கணக்கு நேராகும்.