பெயர்ப் பலகைக்கு 60% விதி. முதியோர் இல்லத்துக்கு அளவுகோல் என்ன? ஹெப்பகோடி மக்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: ஓசூர் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வரும் ஹெப்பகோடியில் கடை, மருத்துவமனை, அறக்கட்டளை எதை நடத்தினாலும் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இடம்பெற வேண்டும். அதே அறக்கட்டளை முதியோர் இல்லம் நடத்தினால், உள்ளே நடைபெறும் பராமரிப்பை யார் கண்காணிப்பது? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் அவ்வளவு தெளிவான விடை இல்லை.

பலகை விதி எப்படி வந்தது?

கன்னட மொழி ஒட்டுமொத்த வளர்ச்சிச் சட்டம், 2022 இந்த 60 சதவீத அளவை வகுத்தது. 2023 டிசம்பர் 27-ஆம் தேதி கர்நாடக ரக்ஷண வேதிகே அமைப்பினர் பெங்களூருவில் நடத்திய போராட்டத்தில் பிறமொழிப் பலகைகள் சேதப்படுத்தப்பட்டன. இதையடுத்து மாநில அரசு கொண்டுவந்த அவசரச் சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் சட்டத் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. பலகையின் மேல் பாதியில் கன்னடம் இடம்பெற வேண்டும் என்பது இத்திருத்தத்தின் சாரம்.

மீதமுள்ள இடத்தில் தமிழ், ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளுக்குத் தடையில்லை. எல்லைக்கு அப்பால் உள்ள ஓசூரிலும் இத்தகைய விதி உண்டு. தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும்.

கர்நாடகச் சட்டத்தை மீறினால் முதல் முறை ரூ.5,000 வரையும், இரண்டாம் முறை ரூ.10,000 வரையும் அபராதம் விதிக்கலாம். தொடர்ந்து மீறினால் ரூ.20,000 வரை அபராதத்துடன் உரிமமும் ரத்தாகலாம்.

ஹெப்பகோடிக்கு யார் பொறுப்பு?

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில் உள்ள ஹெப்பகோடி, தனி நகரசபையைக் கொண்டது. எனவே பெங்களூரு மாநகராட்சிகளின் சுற்றறிக்கைகள் இங்கு நேரடியாகச் செல்லாது. மாநிலச் சட்டம் மட்டும் பொருந்தும். வணிக உரிமத்துக்கு நகரசபையையே அணுக வேண்டும்.

முதியோருக்கு என்ன பாதுகாப்பு?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 மூன்று வழிகளைத் தருகிறது.

முதலாவது, பராமரிப்புத் தொகை. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் உதவி ஆணையர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். தமிழ்நாட்டின் கோட்டாட்சியருக்கு இணையான பதவி இது. மாதம் ரூ.10,000 வரை வழங்க உத்தரவிடலாம். இடைக்காலத் தொகை கோரும் மனுவை, நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டதிலிருந்து 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும்.

இரண்டாவது, சொத்து. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறலாம். நிபந்தனை இருந்தது என்பதை நிறுவ வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே தானப் பத்திரத்திலேயே அதை எழுதிவைப்பது பாதுகாப்பு.

மூன்றாவது, தண்டனை. முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பலகை விதியை முதல் முறை மீறுவோருக்கான அபராத உச்சவரம்பும் இதே தொகைதான்.

இடைவெளி எங்கே?

மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 ஆதரவற்ற முதியோருக்கான இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது 2007 சட்டம். கட்டணம் வாங்கும் தனியார் இல்லங்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று அது கூறவில்லை. மருத்துவச் சிகிச்சை அளிக்கும் இடமாக இருந்தால் மட்டும் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு தேவை.

பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. அது நிறைவேறாமலேயே 17-ஆவது மக்களவையுடன் 2024-இல் காலாவதியானது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது

இல்லத்தில் சேர்க்கும் முன் கட்டணம், முன்பணம் திரும்பும் விதம், இரவுநேரப் பணியாளர், அவசர மருத்துவ ஏற்பாடு ஆகியவற்றை எழுத்துபூர்வ ஒப்பந்தமாகப் பெற வேண்டும். சிகிச்சை தருவதாகக் கூறும் இல்லத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம். புறக்கணிப்பு, துன்புறுத்தல் குறித்து முதியோரும் அக்கம்பக்கத்தினரும் 14567 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.